கனம் பார்த்து வாங்கிய கேபிள்

2000-களின் தொடக்கத்தில் சென்னையில் டி.டி.பி. வேலை பார்த்த எங்களுக்கு மானிட்டர் கேபிள் என்றால் விஜிஏதான். 1987-இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய அந்த 15 ஊசி இணைப்பு அப்போதும் அசையாமல் நின்றது. ரிச்சி தெருவில் போய்க் கேட்டால், "ஒரிஜினலா, லோக்கலா சார்?" என்பார் கடைக்காரர். இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்போம். தடிமனாக, கனமாக இருப்பதுதான் நல்லது.

அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. விஜிஏ வழியே போவது அனலாக் சமிக்ஞை. நல்ல கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே உறை போட்ட கோஆக்சியல் கம்பி ஓடும். கேபிள் பருப்பதற்கு அதுவே காரணம். மலிவுச் சரக்கில் உறையும் இருக்காது, சில ஊசிகளுக்குக் கம்பியே இருக்காது. மானிட்டர் எந்த வகை என்று கணினிக்குச் சொல்லும் கம்பி விடுபட்டால், உரிய ரெசல்யூஷன் பட்டியலிலேயே வராது. அதைவிடக் கொடுமை, எழுத்துக்கு வலப்பக்கம் விழும் நிழல். ஆங்கிலம் படிப்பவர் எப்படியோ சமாளித்துவிடலாம். தமிழ் மெய்ப்பு பார்ப்பவருக்கு 'க'வுக்கும் 'க்'குக்கும் உள்ள வேறுபாடே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி மங்கினால் ஒற்றுப்பிழை அச்சுக்குப் போய்விடும். கேபிள் நீள நீள நிழலும் கூடும். பிழை திருத்துவோரின் கண்ணுக்கு நல்ல கேபிள் செய்த உபகாரத்தை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அண்மையில் தங்கை மகள் 4கே மானிட்டர் வாங்கினாள். கடையிலிருந்து போனில் கேட்டாள்: "மாமா, ஒண்ணுல தங்க முலாம் போட்டிருக்காம். நல்லா கனமாவும் இருக்கு. எடுத்துக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டிலும் போவது டிஜிட்டல் தரவு. விலை கூடிய கேபிளால் எழுத்து கூர்மையாகாது, நிறம் பளிச்சிடாது. தங்க முலாம் முனையில் களிம்பு ஏறாமல் காக்கும், அவ்வளவுதான். தரவு முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் படம் பிசகாமல் வரும். கேபிள் தாங்காவிட்டால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், அல்லது திடீரென்று கறுத்து மீளும். ஆகவே இன்று கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வேகம் தாங்கும் என்பதே. 4கே படம் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட எச்டிஎம்ஐ 2.0 வரையறுத்த 18 ஜிகாபிட் வேகம் வேண்டும். அதற்குச் சான்று 'பிரீமியம் ஹை ஸ்பீடு' முத்திரை. 48 ஜிகாபிட்டுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. அட்டையில் வெறுமனே '2.1' என்றோ '8கே' என்றோ அச்சடித்திருப்பது சான்றாகாது.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இன்னொரு கவனம் தேவை. தரமற்ற சில கேபிள்களில், மின்சாரம் வரும் 20-ஆவது ஊசியை இரு முனைக்கும் இணைத்துவிடுகிறார்கள். விதிப்படி அது இணைந்திருக்கக் கூடாது. இணைந்தால் கணினி தொடங்குவதிலேயே தகராறு வரலாம். மானிட்டரை யூஎஸ்பி-சி வழியே இணைப்பதென்றால், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கேபிள் பலவற்றில் படம் வரவே வராது.

மேசைக்கு இரண்டு மீட்டர் போதும். அதற்கு மேல் வாங்காதீர்கள். அட்டையிலுள்ள முத்திரைக் குறியீட்டைக் கடையிலேயே போனில் ஸ்கேன் செய்யுங்கள். திரை கறுத்தால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.