டிஸ்பென்சரி வாசலில் கூகுள்

கண்ணைப் படம் பிடித்தே சர்க்கரை வியாதியின் பாதிப்பைச் செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுமாமே! இனி எங்கள் டிஸ்பென்சரி ஐயாவுக்கு என்ன வேலை? (பொகவந்தலாவை வாசகி)

“போன மாசம் மருந்தெடுக்க ஏன் வரல?” என்று அதட்டுவது யாராம்?

கருவியும் லேசுப்பட்டதல்ல. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் முடிவுகளை வெளியிட்டபோது, மதுரை அரவிந்த் மருத்துவமனைப் படங்களும் சேர 128,175 விழித்திரைப் படங்களைப் பார்த்துப் பழகியிருந்தது. அவற்றைத் தரம்பிரித்துக் கொடுத்த மருத்துவர்களே 54 பேர். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார் என்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குப் பொறாமை வரத்தான் செய்யும்!

நெஞ்சு எக்ஸ்ரே பார்த்துக் காசநோயையும் சந்தேகிக்குமாமே? (டிக்கோயா வாசகர்)

உலக சுகாதார நிறுவனமே 2021இல் சம்மதித்துவிட்டது, 15 வயதுக்குக் குறையாதவர்களுக்கு. எக்ஸ்ரே எடுக்கப் போகக் கங்காணி சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

கூகுளின் கண் கருவி எங்காவது தடுமாறியிருக்கிறதா? (ஹட்டன் வாசகர்)

தாய்லாந்துக் கிளினிக்குகளில் எடுத்த கண் படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. நோய் அறிகுறி இல்லாதவரும் இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அன்றைக்குப் பேர் போட கூகுளிடம் கணக்கப்பிள்ளை இல்லையே!