ஸ்டீம் பைப் காலம்

தொண்ணூறுகளில் கிள்ளான் வட்டாரத்தில் இளைஞனாகத் திரிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. பொத்தோங் கடைக்குத்தான். ஜப்பானில் குறுக்கே அறுத்து முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்பிய காடிகள் தகரக் கூரைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இஞ்சின், கியர்பாக்ஸ், வயர்கட்டு, கணினிப் பெட்டி எல்லாம் அந்த அரைக் காடிக்குள் அப்படியே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையில் நின்று, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டு, வாங்கக் கையில் காசில்லாமலேயே தவுக்கேயிடம் விலை பேசுவோம். அவரும் அது தெரிந்தே எங்களோடு பேரம் பேசுவார். அந்தச் சுகம் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு கடை இருந்திருக்கும்.

1993இல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடியாகக் கொண்டு செய்த காடி. அதனால் லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போ இஞ்சின், நாங்களெல்லாம் 4ஜி93டி என்று செல்லப்பிள்ளையின் பெயரைச் சொல்வதைப் போலச் சொன்ன இஞ்சின், பெரிய வெட்டு ஒட்டு வேலையில்லாமல் வீராவுக்குள் இறங்கிவிடும். வாங்கும் நாள் வந்தபோது நாங்கள் டர்போவின் மூக்கில் விரலை விட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தோம், ஆட்டிப் பார்த்தோம், அது சுற்றும் ஓசையிலேயே மயங்கி நின்றோம். கூட வந்த மூத்த மெக்கானிக் மட்டும் டர்போவைத் தொடவே இல்லை. மேலிருந்த வெப்பத் தகட்டைக் கழற்றச் சொல்லி, அடியில் இருந்த மேனிஃபோல்டைத்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். எதற்கு ஆசைப்படுவது, எதைச் சோதிப்பது, இரண்டும் வேறு வேறு என்பது அந்த வயதில் யாருக்குப் புரிகிறது? அன்று கண்கள் விரிய நின்ற அந்தப் பையனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது.

மேனிஃபோல்டு என்பது நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றாகச் சேர்த்து டர்போவுக்குள் அனுப்பும் இரும்பு. பார்வைக்கு எளிமை, படும் பாடு பெரிது. ஒரு பக்கம் அது தண்ணீர் ஓடிக் குளிரும் அலுமினியத் தலையில் முடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம் அதற்குள் ஓடும் பெட்ரோல் புகை, காலை அழுத்தி ஓட்டும்போது 900 டிகிரியைத் தாண்டுகிறது. போதாததற்கு டர்போவின் முழு எடையும் அதன் கழுத்தில் தொங்குகிறது. தினமும் காலையில் சிவக்கச் சூடாகி, இரவில் ஆறி, மறுநாள் மீண்டும் சூடாகும் இரும்பு எங்கேயாவது ஒருநாள் வாய்விடத்தானே செய்யும். அந்த விரிசலை முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். காலையில் இஞ்சினைத் தட்டியதும் டிக்கு டிக்கு என்று ஒரு சத்தம். சூடேறி இரும்பு விரிந்ததும் விரிசல் தானே மூடிக்கொள்ள, சத்தம் நின்றுவிடும். ஓட்டுபவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். டர்போவுக்குப் போக வேண்டிய புகை வழியிலேயே கசிவதால் பூஸ்ட் மட்டும் தாமதமாக வரும்.

அந்த மெக்கானிக் விரிசல் பார்த்த முறையை இன்றைக்கும் கண்முன் கொண்டுவர முடிகிறது. கழற்றிய மேனிஃபோல்டைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து, வெளிப்புறம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் வெள்ளையடித்தார். பிறகு குழாய்களுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சிகரெட் முடியும்வரை சும்மா இருந்தார். இரண்டாவது குழாயும் மூன்றாவதும் சேருமிடத்தில், டர்போ உட்காரும் தட்டுக்குச் சற்று மேலே, வெள்ளைக்கு நடுவில் முடியளவு ஈரக் கோடு ஒன்று மெதுவாக எழுந்து வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தவுக்கேயும் ஒன்றும் சொல்லாமல் விலையைக் குறைத்தார்.

அப்படி வாங்கிய இஞ்சினுக்குப் புது மேனிஃபோல்டு வேண்டுமே. அந்தக் காலத்தில் அது பெட்டியில் வரும் பொருளல்ல, ஆளைத் தேடிப் போய்ச் செய்து வாங்கும் பொருள். எங்களுக்குக் கிடைத்தவர் கோலா லங்காட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவர், எல்லாருக்கும் மாமா. செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைத்துத்தான் எண்ணெய் எடுக்கிறார்கள் என்பதால் அந்த ஆலைகளில் எங்கு திரும்பினாலும் ஆவிக் குழாய். அழுத்தம் தாங்கும் குழாயில் ஒட்டு பிசகினால் உயிருக்கு ஆபத்து என்ற பொறுப்பில் பழகிய கை அவருடையது. அந்தக் கையைத்தான் நாங்கள் வாரயிறுதியில் எங்கள் காடிக்காக இரவல் கேட்டோம்.

மாமாவின் வீட்டுப் பின்புறம், துணி காயும் கம்பிக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில்தான் பட்டறை. பழைய கேஸ்கெட்டை அட்டைமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அதைப் பார்த்து 12 மில்லிமீட்டர் தகட்டில் ஃபிளேன்ஜை வெட்டுவார், துளையிடுவார், அரத்தால் ராவுவார். குழாய்க்கு அவர் தேர்ந்தது மெல்லிய எக்ஸோஸ் பைப்பை அல்ல; ஒன்றேகால் அங்குல ஷெட்யூல் 40 ஸ்டீம் பைப், சுவர் மட்டுமே மூன்றரை மில்லிமீட்டர் இருக்கும். வளைவுகளுக்கு ஆலையில் பயன்படும் வெல்டிங் எல்போ. "வளைச்ச குழாய் வெளிப்பக்கம் மெலிஞ்சு போகும் தம்பி. எல்போ அப்படியில்ல" என்பார். ஃபிளேன்ஜை ஒரு பாழான சிலிண்டர் தலையில் இறுக்கி முடுக்கி வைத்துக்கொண்டுதான் ஒட்டத் தொடங்குவார்; இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டில் தட்டு கோணிவிடும். முதல் குழாயில் கொஞ்சம், நான்காவதில் கொஞ்சம், பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஆறவிடுவார். அத்தை தேநீர் கொண்டுவருவார். பேச்சு எங்கெங்கோ போய், பத்து தீகாவில் யார் எந்த வளைவில் யாரை முந்தினார் என்பதில் வந்து நிற்கும். பிறகு மறுபடியும் கொஞ்சம் ஒட்டு. ஒரு மேனிஃபோல்டு முடிய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த யாருக்கும் மனம் வராது.

முடிந்தபின் அவர் செய்த ஒரு வேலை எங்களைப் பதறவைத்தது. பாடுபட்டுச் செய்த ஒற்றை ஃபிளேன்ஜைக் குழாய்களுக்கு நடுநடுவே ரம்பத்தால் அறுத்துத் தனித்தனித் துண்டுகளாக்கினார். ஓரத்துப் போல்டு துளைகளை அரத்தால் நீள்வட்டமாக்கினார். "சூட்டுல அது நீளும். நீள விடு. விடலைன்னா எங்கயாவது பிளந்துக்கும்." மேனிஃபோல்டைப் பற்றி அதன்பின் நான் படித்ததெல்லாம் இந்த மூன்று வாக்கியங்களுக்கான விளக்கம்தான். அரை மீட்டர் நீளத் துருப்பிடிக்காத எஃகு 700 டிகிரி சூடேறினால் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு சுமார் நான்குதான். கம்பெனிகள் பழைய வார்ப்பிரும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு விலை மட்டுமல்ல காரணம், இந்த அடக்கமும்தான்.

பத்து தீகாவைச் சொன்னேன் அல்லவா. ஷா ஆலாமுக்குப் பக்கத்தில் 1968இலிருந்து இருந்த பந்தயத் தடம் அது. வேலிக்கு வெளியே நின்றாலே காடிகளின் சூடு முகத்தில் அடிக்கும்; பந்தயம் முடிந்ததும் உள்ளே புகுந்து, பொன்னெட்டைத் திறந்து வைத்திருக்கும் எவரிடமும் என்ன மேனிஃபோல்டு, யார் செய்தது என்று கேட்கலாம், சொல்வார்கள். 1999இல் செப்பாங் வந்தது. ஐந்தரை கிலோமீட்டர் தடம், உலகமே வந்து பார்த்த கூரைகள், பெருமைப்படத்தான் வேண்டும், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் செப்பாங்கில் இருக்கையிலிருந்து பார்க்கும் தூரத்தில் காடியின் வயிற்றுக்குள் இருப்பது தெரிவதில்லை. பத்து தீகாவில் இன்று தடமும் இல்லை.

இப்போது என் மகனின் முறை. அந்தப் பழைய வீராவை எடுத்து மீண்டும் கட்டுகிறான், மேனிஃபோல்டு தேடுகிறான். தேடுவது என்றால் படுத்துக்கொண்டே. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கின்றன: வானவில் நிறத்தில் மின்னும் குழாய்கள், நான்கும் ஒரே நீளமாகப் பாம்புபோல் வளைந்து ஒரு புள்ளியில் சேரும் அழகு, நாங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு கொடுத்ததைவிடக் குறைந்த விலை, மூன்று நாளில் வாசலில் பொட்டலம். "அப்பா, இது நல்லா இருக்குல்ல?" என்று கேட்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. மாமா இருந்தால் அந்த லேசர் வெட்டு ஃபிளேன்ஜைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். ராவி ராவி அவர் கை காய்த்த வேலையை இயந்திரம் நிமிடத்தில் முடிக்கிறது. அவர் காலத்தில் கேட்டாலும் கிடைக்காத 321 ரக எஃகு இன்று கிடைக்கிறது. சாதாரண 304 ரகம் நீண்டநேரம் 425 முதல் 850 டிகிரிக்குள் வெந்துகொண்டிருந்தால் அதிலுள்ள குரோமியம் கரியோடு சேர்ந்துகொண்டு, ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு சத்திழந்து போகும். 321இல் கலந்திருக்கும் டைட்டானியம் முந்திக்கொண்டு அந்தக் கரியைப் பிடித்து வைத்துவிடும். இது உண்மையான முன்னேற்றம், மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் படத்தில் தெரியாதவற்றில்தான் மேனிஃபோல்டின் ஆயுள் இருக்கிறது. குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டரா, மூன்றா? எடை எவ்வளவு? ஒட்டும்போது குழாய்க்குள் ஆர்கான் வாயு விட்டார்களா? விடாவிட்டால் வெளியே அழகாக அடுக்கு அடுக்காகத் தெரியும் ஒட்டு, உள்ளே கருகிப் பொரிந்து கிடக்கும். விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். டர்போவைத் தாங்கிப் பிளாக்கோடு பிணைக்கும் தாங்கி உண்டா? விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். மகன் கேட்டான். மறுமொழியாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனத்தது. இரும்பின் தரம் கூடியிருக்கிறது, செய்தவரின் முகம் மறைந்துவிட்டது. மாமா செய்ததில் கோளாறு என்றால் சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துத் தேடிய டர்போவை 2011இல் புரோட்டோனே எக்ஸோரா போல்டில், பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பக் காடியில், வைத்து விற்றது. மகனின் நண்பன் ஓட்டும் ஹோண்டா சிவிக் 1.5 டர்போவில் தனியாக மேனிஃபோல்டே கிடையாது. சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். புகை டர்போவைச் சேருமுன்பே சூடு தணிகிறது, கழற்றிப் பார்க்க எதுவுமில்லை. மூத்த மெக்கானிக்குகள் அரை நூற்றாண்டு மல்லாடிய நோய்க்கு அந்த உறுப்பையே இல்லாமல் செய்து மருந்து கண்டுவிட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆனால் அந்த நண்பன் பொன்னெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியைத்தான் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறான்.

மகனிடம் நான் சொன்ன முடிவு இது. தினமும் வேலைக்கு ஓட்டும் காடிக்கு, விரிசலில்லாத பழைய கம்பெனி வார்ப்பே கிடைத்தால் அதற்கு மேல் தேட வேண்டாம். வெளியே வாங்குவதானால் சிலிக்கானும் மாலிப்டினமும் கலந்த வார்ப்பிரும்பைத் தேடு. கனமாக, கறுப்பாக, படமெடுத்துப் போட முடியாததாக இருக்கும், இருக்கட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் தடித்த ஸ்டீம் பைப். ஒரே நீளக் குழாய்களின் அழகு பந்தயத்துக்கு. மேல் சுற்றில் கொஞ்சம் சக்தி கூடும் என்பது உண்மை, அதற்காக ஒவ்வொரு பந்தயத்துக்கும் பின்பு கழற்றிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். அப்படித்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், 321 ரகம், உள்ளே ஆர்கான், கீழே தாங்கி, இந்த மூன்றையும் உறுதிசெய்யாமல் காசு கொடுக்காதே.

அவன் யோசித்தான். பிறகு கிள்ளானிலேயே ஒருவர், ஆலை வேலையில் இருந்தவர், இன்னும் ஸ்டீம் பைப்பில் செய்கிறாராம் என்று எங்கிருந்தோ எண்ணைத் தேடிப் பிடித்தான். ஃபிளேன்ஜை அறுப்பாரா என்று கேள் என்றேன். கேட்டான். அவர் கட்டைவிரல் படம் அனுப்பவில்லை, நேரடியாகக் கூப்பிட்டுவிட்டார்: எந்த டர்போ, டவுன் பைப்பில் நெளியும் இணைப்பு இருக்கிறதா, போல்டுகள் பழசா புதுசா, கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுவர முடியுமா. அரை மணி நேரம் பேசினார்கள். சனிக்கிழமை போகிறார்கள், எனக்கும் காடியில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், நண்பன் பின்னிருக்கையில்.