எந்தக் கண் சார்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை புகைப்படச் சங்கக் கூட்டத்தில் பத்தியாளரின் தாவும் சிலந்தி திரையில் வந்து சரியாக நிற்கக்கூட இல்லை. அதற்குள் இரண்டாம் வரிசையிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கு சார். கண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா இருந்திருக்கலாம்."

அடுத்து வந்தது வேறொருவரின் தும்பி. அதற்கும் கண்ணுதான். வெட்டுக்கிளிக்கும் கண்ணுதான். செம்பருத்தியின் மகரந்தத் தாள் திரையில் விழுந்தபோது மனிதர் ஒரு கணம் திணறினார். பிறகு சமாளித்துக்கொண்டு பேக்ரவுண்டுக்கு மாறினார்.

ஒருவர் எடுத்த மேக்ரோ படத்தைப் பற்றி, அவர் மனம் நோகாமலும் அடுத்த படத்துக்கு உதவும்படியும் நாலு வார்த்தை சொல்ல எளிய முறை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பத்தியாளர் உட்கார்ந்தார். ஆனால் இந்தக் கண் விவகாரத்தை முடிக்காமல் அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை.

தாவும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முன்னால் கார் ஹெட்லைட் மாதிரி பெரிதாக இரண்டு, அவற்றுக்கு இருபுறமும் சிறிதாக இரண்டு, மிச்சம் நான்கும் தலையின் பக்கவாட்டில். எந்தக் கண் சார்? முன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். அவற்றின் வெளிலென்ஸ் அசையாது. உள்ளே நீண்ட குழாய் போல ஓர் அமைப்பு, அதன் கோடியில் விழித்திரை, நகர்வது அதுதான். வெளியே லென்ஸ் ஊசிமுனையாக ஃபோகஸில் விழுந்திருந்தாலும், உள்ளே சிலந்தி விமர்சகரைப் போலவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தும்பிக்கு இரண்டு கூட்டுக்கண்கள், போதாதென்று மூன்று ஒற்றைக் கண்கள். சில இனங்களில் ஒரு கூட்டுக்கண்ணிலேயே 30,000க்குப் பக்கமாகக் குட்டி லென்ஸ்கள். இதில் எந்த எண்ணுள்ளது மங்கல் என்று சொன்னால் குறித்துக்கொள்ள வசதி. தேளுக்கு உச்சியில் இரண்டு, முன்விளிம்பின் இருபக்கமும் இரண்டிலிருந்து ஐந்து ஜோடி வரை. பட்டாம்பூச்சிப் புழுவுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஆறு. தோட்டத்து நத்தை கண்ணைக் கொம்பு நுனியில் வைத்திருக்கும். லென்ஸ் நெருங்கியதும் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். கும்பிடுபூச்சி எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் நம்மையே முறைக்கும். அந்தக் கரும்புள்ளி பாவையே இல்லை. நமக்கு நேராக இருக்கும் லென்ஸ்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுவதால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் விடுங்கள். ஜப்பானில் ஒருவகை அழகிப் பட்டாம்பூச்சிக்கு வயிற்றின் கடைக்கோடியில், இனப்பெருக்க உறுப்பை ஒட்டி, ஒளியை உணரும் செல்கள் இருப்பதைக் கென்டாரோ அரிகாவா என்ற ஆய்வாளர் கண்டுபிடித்திருக்கிறார். கண்ணில் அவ்வளவு கறார் உள்ளவர்கள், "சார், பின்பக்கம் ஷார்ப்பா இல்லை" என்றும் சொல்லத்தான் வேண்டும். இதுவரை எவரும் சொன்னதில்லை.

சரி, ஃபோகஸ்.

"அப்பர்ச்சரைக் குறைச்சிருக்கலாமே" என்பது அடுத்த உபதேசம். பூச்சி சென்சாரில் அசல் அளவிலேயே விழும்போது, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப் 8 வைத்தால் தெளிவாக விழுவது சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம். எஃப் 16 வைத்தால் 2 மில்லிமீட்டர். அதற்கும் மேலே போனால், துளை சிறுத்து ஒளி வளைந்து பரவி, படம் முழுவதும் சமத்துவமாக மங்கும். இது இயற்பியல். பத்தியாளரின் சோம்பேறித்தனம் இதில் சேராது.

"அப்போ ஸ்டாக் பண்ணுங்க." ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல ஷாட் எடுத்து ஒன்றாக இணைக்கும் வித்தை. பண்ணலாம். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லெவோன் பிஸ் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8,000 ஷாட்களை இணைத்து உருவாக்கியவை. அற்புதமான படங்கள். அந்தப் பூச்சிகள் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்தவை. செத்துப் பல காலம் ஆனவை. மொட்டைமாடித் தொட்டியில் காற்றுக்கு ஆடும் இலையில், இரண்டாவது ஷாட்டுக்குள் அடுத்த தொட்டிக்குத் தாவிவிடும் ஜீவனிடம் அந்த ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

பேக்ரவுண்டு சண்டை இன்னும் பழையது. 1885இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மைக்ரோஸ்கோப்போடு கேமராவை இணைத்துப் பனித்துகளைப் படமெடுத்தார் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி. வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். துகள் எடுப்பாகத் தெரிய, நெகட்டிவ் பிரதியில் அதைச் சுற்றியிருந்ததைச் சுரண்டி எடுத்துப் பின்னணியைக் கறுப்பாக்கினார். ஜெர்மன் வானிலையாளர் குஸ்டாவ் ஹெல்மன், இது படத்தைத் திருத்துகிற வேலை என்று கண்டித்தார். அந்தக் கண்டனம் பத்தியாளருக்கு ஏற்பில்லை. ஆனால் ஹெல்மன் குறிப்பிட்ட ஒரு செயலைக் காட்டி, இதைச் செய்தாய், இதனால் இன்னது கெட்டது என்று சொன்னார். "ஏதோ குறையுது சார்" என்று உதட்டைப் பிதுக்கவில்லை.

ஒரே ஒரு பெரியவர் சங்கத்தில் உருப்படியாகப் பேசுவார். "மேலேருந்து எடுத்துட்டீங்க தம்பி. பூச்சி மட்டத்துக்குக் குனிஞ்சிருந்தா முகம் கிடைச்சிருக்கும்" என்பார். அதைக் கேட்டு முட்டி போட்டதில் பத்தியாளருக்கு முகம் கிடைத்தது, முட்டிவலியும் சேர்ந்து கிடைத்தது. அதனால் அவர் பேச்சையும் இப்போது முழுதாக ரசிக்க முடியவில்லை.

அந்த எளிய முறைக்கு வருவோம். படத்தில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொண்டு பேசவேண்டும். எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சியின் இளம்புழு கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு, அச்சு அசலாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். தின்ன வரும் பறவையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். அப்படி ஒரு புழுவை வெயிலில் காய்ந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லிப் பத்தியாளர் ஒரு கடையில் கொடுத்திருந்தார். சிலந்திப் படத்தை ஹாலில் மாட்ட வீட்டில் அனுமதி இல்லை. புழுவாவது தேறுமா என்ற நப்பாசை. மாலையில் போனபோது, பளபளவென்று ஓர் எலுமிச்சை இலையை மட்டும் சுருட்டிக் கையில் கொடுத்த பையன் பெருமையாகச் சொன்னான்:

"நடுவுல காக்கா எச்சம் விழுந்திருந்துச்சு சார். நானே க்ளீன் பண்ணிட்டேன். எக்ஸ்ட்ரா எதுவும் போடல."