விழுந்ததற்கு விளக்கவுரை

பெல்மதுளையில் பிறந்தவனுக்குக் கண் எப்போதும் தரையில்தான். மழை விட்டதும் கான் ஓரமாகக் குனிந்தபடி நடப்பவர்களைப் பார்த்தால், ஏதோ மோதிரத்தைத் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர் நினைப்பார். தொலைக்கவில்லை, கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். யாரோ ஒருவருடைய தாத்தா எந்தக் காலத்திலோ இப்படித்தான் ஒரு நீலக்கல்லை மிதித்தாராம். இரத்தினபுரி மாவட்டத்தில் அந்தத் தாத்தாவுக்குப் பேரன்கள் அதிகம்.

இங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிற ஆள் ஒருவர்தான். அடிக்கடி கானுக்குள் விழுகிறவரும் அவர்தான். பிழைப்புக்குக் கைத்தொலைபேசி திருத்துகிறார். வாழ்வதற்கு ரெஜிபோமில் ரிமோட் விமானம் செய்கிறார். முகத்துக்கு நேரே எல்லாரும் "பைலட்" என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "பிளேன்டீ" என்பார்கள். காவத்தையிலும் பலாங்கொடையிலும் இவருடைய நகல்கள் இருக்கக்கூடும்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு லயத்தில் யார் வீட்டுக்காவது புது டிவி வந்தால் அதைப் பார்க்க ஊரே போகும். இவர் பெட்டியைப் பார்க்கப் போவார். டிவியை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கட்டிகளைத் தடவி, அழுத்தி, காதோரம் வைத்துத் தட்டி, "இதத் தூக்கிப் போட்டுறாதீங்க அக்கா" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். ரெஜிபோம் சோற்றுப் பெட்டிகள் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை என்று அரசு அறிவித்தபோது சுற்றாடலை நேசிப்பவர்கள் மகிழ்ந்தார்கள். இவர் துக்கம் காத்தார். ஒரு பெட்டி மூடியில் ஒரு வால் வெட்டலாமாம்.

வீட்டில் கட்டிலுக்குக் கீழே இறக்கைகள், கூரைக் கம்பில் உடல்கள், அரிசி வாளிக்குப் பக்கத்தில் ப்ரொப்பெல்லர். முதல் விமானத்தை இவர் சுப்பர் க்ளூவால் ஒட்டினார். அந்தக் க்ளூ ரெஜிபோமை ஒட்டாது, தின்னும். விடியும்போது இறக்கையும் உடலும் சேரவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. அன்றிலிருந்து க்ளூ கன் இல்லாமல் வெளியே போவதில்லை. ஒரு கலியாண வீட்டில் மணவறைத் தோரணம் கழன்றபோது சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கைக்கு வளைவு கொடுப்பது கடினம். அதற்கு இவர் கைவசம் ஒரு குறுக்கு வழி உண்டு. ரிச்சர்ட் க்ளைன் என்ற அமெரிக்கர், விளம்பரத் தொழிலில் இருந்தவர், தன் மகனுக்காகக் காகித விமானம் மடிக்கும்போது இறக்கையில் ஒரு படி விழுகிற மாதிரி மடித்தார். ஃப்ளாய்ட் ஃபோகல்மன் என்ற நண்பருடன் சேர்ந்து 1972இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பெரிய விமானங்கள் அதைச் சீண்டவில்லை. ஆனால் பலகையை வெட்டி ஒட்டத் தெரிந்தவனுக்கு அது வரம்: தட்டையான இறக்கையின் மேல், முன்பாதிக்கு மட்டும் இன்னொரு பலகையை ஒட்டினால் வேலை முடிந்தது. இந்தக் கதையை இவர் சொல்லக் கேட்டால் க்ளைனும் இவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் என்று தோன்றும்.

மோட்டர், அதை ஆட்டுவிக்கும் ஈஎஸ்சி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோக்கள், 11.1 வோல்ட் லிப்போ பெட்டரி எல்லாம் சீனத்திலிருந்து வந்தாக வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது. இவரும் நின்றார், ஆனால் நினைப்பு முழுக்க லிப்போவில். அம்மா பெட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒரு வாரம் மலையேறிக் கொழுந்து பறிச்ச காசு, இம்புட்டுத்தானாடா?" அதற்கு இவர், பாரம் குறைவாக இருப்பதுதான் அதன் சிறப்பு என்று விளக்கினார். அம்மா அதற்குமேல் பேசவில்லை.

அப்பாயி பேசினார். விமானத்தின் பாரம் சரியான இடத்தில் நிற்கவேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரல் நுனியில் வைத்தால் ஆடாமல் நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் பாரம் ஏற்றவேண்டும். இவர் ஒரு பத்து ரூபாய்க் குற்றியை மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பாயி வெற்றிலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "காச நெத்தியில எப்ப ஒட்டுவாங்கன்னு தெரியுமாடா?" அன்று சாயங்காலமே அந்த விமானத்துக்குக் காரியம் முடிந்தது.

முன்னோடிகளின் பட்டியல் இவர் நாக்கு நுனியில். லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் தந்தவரும், சொந்தமாகச் சிறுவிமானங்கள் கட்டித் தானே ஓட்டியவருமான ரே விஜேவர்தன முதலாவது. அடுத்தது தல. அஜித்குமார் ரிமோட் விமானப் பைத்தியம் என்பதும், அண்ணா பல்கலைக்கழக எம்ஐடி மாணவர்களின் தக்ஷா ட்ரோன் குழுவுக்கு 2018இல் ஆலோசகராக இருந்தார் என்பதும் இவருக்கு வேதவாக்கு. படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவனைக்கூட அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார். மூன்றாவது இராவணன். 2020 ஜூலையில் இராவணனைப் பற்றியும் பழங்காலத்து வான்வழி ஆதிக்கம் பற்றியும் ஆவணம் வைத்திருப்பவர்கள் அனுப்பலாம் என்று சுற்றுலா, விமான சேவைகள் அமைச்சே பத்திரிகையில் விளம்பரம் போட்டது. இவரிடம் ஆவணம் இல்லை. இருந்தாலும் விளம்பரத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார், ஏதோ தனக்கு வந்த நியமனக் கடிதம் போல.

இனிப் பறத்தல். அதற்கு இந்தப் பக்கத்தில் சமதரையே கிடையாது. தேயிலை மலையில் எறிந்தால் கொழுந்துக்குள், இறப்பர் மலையில் எறிந்தால் கிளையில். அறுவடை முடிந்த வயல்தான் விமான நிலையம். அதுவும் மழை விட்டால்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுள்ளான் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓட, பைலட் ரிமோட்டோடு நிற்க, வரப்பில் ஊர் உட்கார்ந்திருக்கும். எறிந்த மாத்திரத்தில் சில விமானங்கள் சேற்றில் குத்தும். சில மேலே போகும். மேலே போவதுதான் ஆபத்து. தன்னை விட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். திரும்பித் தன்னை நோக்கி வரும்போது வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் அது கண்ணுக்கு இடப்பக்கம் சாயும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளவேண்டும் என்று இவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார். விமானம் தன் தலையை நோக்கி வரும்போது மட்டும் மறந்துவிடுவார்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ஆளில்லா விமானங்களை எல்லாம் நிறுத்திவைத்த காலத்தில் வரப்புக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். "இது ட்ரோன் இல்ல சேர், ப்ளேன்" என்று இவர் வித்தியாசத்தை விளக்கத் தொடங்கினார். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. ஆனால் விளக்கம் முடிவதற்குள் பொலிஸ்காரருக்கே சலித்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் இவருடைய திறமை அங்கேதான் இருக்கிறது. விமானம் செய்கிறவர்கள் பறப்பதற்காகச் செய்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். இவர் செய்வது விழுந்ததற்குக் காரணம் சொல்ல. துண்டுகளை உரப்பையில் பொறுக்கிக்கொண்டு நேரே தேநீர்க்கடைக்கு வருவார். ஒரு ஞாயிறு காற்று. இன்னொரு ஞாயிறு பாரம். ஒரு ஞாயிறு இறக்கை மடலான ஐலரான் தலைகீழாக இணைந்திருந்தது. ஒருமுறை, மோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போது உடல் மறுபக்கம் முறுக்கும் என்பதை பிளேன்டீக் கோப்பையைச் சுழற்றிக் காட்டினார். டீ யார் மடியில் விழுந்தது என்பது இங்கே வேண்டாம்.

கேலி செய்யத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்தால் பெல்மதுளையைத் தெரியாதென்று அர்த்தம். மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் இங்கே அதிகம். மாதக்கணக்கில் தண்ணீர் இறைத்து, மண்ணைக் கழுவி, அரித்து, ஒன்றும் இல்லாமல் மூடிய குழியைப் பற்றி இதே பெஞ்சில் உட்கார்ந்து அவர்களும் பேசுவார்கள்: "இன்னும் நாலடி போயிருந்தா." அந்த நாலடியைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் "மூக்குல இன்னும் அஞ்சு கிராம் வச்சிருந்தா" என்று ஒருவர் சொல்லும்போது மரியாதையோடு தலையாட்டத்தானே செய்வார்கள்?

போன அறுவடைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருடைய விமானம் ஒன்று பறந்தது. வயலைச் சுற்றி வந்தது, திரும்பியது, பெட்டரி தீரும்வரை நின்றது, தாளடியில் கோழி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு கீறல் இல்லை. வரப்பில் கைதட்டினார்கள். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பைலட் முழு விமானத்தையும் தூக்கிக்கொண்டு தேநீர்க்கடைக்கு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது.

புதன்கிழமை குழிக்கார மாமா ஒருவர் ஃபோனுக்கு க்ளாஸ் மாற்றப் போனார். மேசையில் அந்த விமானம் வாலில்லாமல் கிடந்தது.

"என்னா தம்பி, நல்லாத்தானே பறந்துச்சு?"

"அது சரி மாமா. வி மாதிரி வாலு ஒண்ணு வச்சுப் பாப்பம்னு."

மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விழுமா?"

"மொதல்ல ரெண்டு மூணு தரம் விழும்."

"ஞாயித்துக்கெழம தானே? நா மூணு மணிக்கே வந்துர்றேன்" என்றார் மாமா.