மாமா, உங்கள் திரைக்குள் விழுந்துவிட்டேன்

ஷெஃபீல்டு,
நவம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறதெல்லாம் போட்டோவாடா?" என்பீர்கள். அதனால் மூன்று படங்களை 8×12 அளவில் பிரிண்ட் போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தபால் செலவு எவ்வளவு என்று அம்மா கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பதினைந்து நாள் தூக்கம் கெட்டுவிடும்.

நம் ஸ்டூடியோவில் ஒரு திரை தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஓடை, இரண்டு கரையிலும் மஞ்சள் மஞ்சளாக மரங்கள், தரையெல்லாம் உதிர்ந்த இலை. கோவில்பட்டியில் கல்யாணம் ஆன ஜோடிகளில் பாதிப் பேர் அந்தக் காட்டுக்குள் நின்றுதான் உங்களைப் பார்த்து முறைத்தார்கள். தெருவில் தார் உருகும் வெயில், உள்ளே இலையுதிர் காலம். "இது எந்த ஊர் மாமா?" என்று கேட்டால் ஒரு வாரம் சுவிட்சர்லாந்து என்பீர்கள், மறு வாரம் காஷ்மீர் என்பீர்கள். மரம் எங்கேயாவது இப்படி மஞ்சளாக இருக்குமா, பெயிண்டரிடம் பச்சை டப்பா தீர்ந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெயிண்டரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அந்த ஊர் இருக்கிறது மாமா. சுவிட்சர்லாந்தில் இல்லை, என் வீட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். பேட்லி கார்ஜ் என்று பெயர். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் ஒரு குறுகலான பள்ளத்தாக்கு.

கால் மணி நேரம் என்பது ரயில் வந்தால். போன சனிக்கிழமை வரவில்லை. "தண்டவாளத்தில் இலைகள் கிடப்பதால் தாமதம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. சிரிக்காதீர்கள். நம் ஊரில் எருமை படுத்திருக்கும், இங்கே இலை படுத்திருக்கிறது. ஈர இலை சக்கரத்துக்கு அடியில் நசுங்கி நசுங்கிக் கறுப்பாக ஒரு பூச்சு ஆகிவிடுமாம். அதில் சக்கரம் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. தண்டவாளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கென்றே ராத்திரியில் தனி ரயில்கள் ஓடுகின்றன. அத்தை ஒரு சீமாறில் முடிக்கிற வேலை. நாற்பது நிமிடம் குளிரில் நின்றேன். எந்த இலையைப் படம் எடுக்கப் புறப்பட்டேனோ, அதுவே என்னை வழிமறித்தது.

போகிற வழியில் டோட்லி சுரங்கம் வரும். 1893-ல் முடித்தது, 5.7 கிலோமீட்டர் நீளம். அதைத் தாண்டும் வரைக்கும் வண்டிக்கு வெளியே நம் டார்க் ரூம் இருட்டு. முடிந்த மறு நொடி ஸ்டேஷன். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால் எதிரே மலை முழுக்க மஞ்சள். டெவலப்பர் தட்டில் படம் எழும்பி வருமே, அப்படி வரவில்லை. ஒரேயடியாக வந்து முகத்தில் அடித்தது.

உள்ளே பர்பேஜ் என்ற ஓடை பாறைக்குப் பாறை தாவி இறங்குகிறது. பாறைகளில் பாசி, மெத்தை மாதிரி. ஓக் மரங்கள் நம் பக்கத்துக் கருவேலம் போலக் கோணலும் மாணலும். ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. நடுநடுவே பிர்ச் மரங்கள், சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி வெள்ளைப் பட்டை. அடியில் அங்கங்கே சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான். விஷம். குழந்தைகள் கதைப் புத்தகத்தில் வருவது அதேதான். அதையும் நான் பொய் என்று நினைத்திருந்தேன்.

போட்டோக்காரர்கள் கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும். ஒரு சின்ன அருவிக்கு எதிரில் ஸ்டாண்டுகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைக்காரன் எங்கே நின்றாலும் வரிசைதான். ஓடைக்கு நடுவிலும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "வெளிச்சம் ரொம்ப மோசம்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். பளிச்சென்று வெயில்! வருஷம் பூராவும் வெயில் இல்லை என்று புலம்புகிற தேசத்தில், வெயில் வந்துவிட்டதே என்று துக்கம் விசாரித்துக்கொண்ட பத்துப் பேர் நாங்கள்தான். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள் வெயில் விழுந்தால் ஒரு பக்கம் வெளுத்துப்போகும், ஒரு பக்கம் கரியாகும். மேகம் மூடி, தூறல் போட்டு நின்றால்தான் நிறம் கனிந்து நிற்கும். நீங்கள் ஸ்டூடியோ விளக்குக்கு முன்னால் மல்துணி கட்டுவீர்களே, அந்தத் துணிக்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

பதினோரு மணிக்கு மேகம் வந்தது. பெரியவர் கை கூப்பாத குறை.

ஈர இலையில் வானத்தின் வெளுப்பு பட்டு, ஒவ்வொரு இலைமேலும் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பளபளப்பு இருந்தது. அதற்குப் போலரைசர் என்று ஒரு கண்ணாடி. லென்ஸ் முன்னால் மாட்டி மெல்லத் திருப்பினால், ஒரு இடத்தில் அந்தப் பளபளப்பு சட்டென்று கழன்றுபோய், உள்ளே இருக்கிற நிறம் வெளியே வருகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. பாறை மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு பிர்ச் இலையை வைத்துப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காசு அளவு இலை, ரம்பப் பல் விளிம்பு, நரம்பு ஓரத்தில் மட்டும் பச்சை இன்னும் போகவில்லை. முதல் படம் அதுதான்.

இரண்டாவது படத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். அருவிக்குக் கீழே ஒரு பள்ளத்தில் தண்ணீர் சுழல்கிறது. நுரையும் உதிர்ந்த இலைகளும் அதில் ஊர்வலம் போகின்றன. கண்ணுக்கு அது வெறும் குப்பை. லென்ஸில் வெல்டிங் கண்ணாடி போல ஒரு கறுப்பு ஃபில்டரை மாட்டி, ஷட்டரை இருபது வினாடி திறந்து வைத்தேன். அந்தக் குப்பை முழுவதும் வட்டம் வட்டமாகக் கோடு இழுத்துக் கோலம் போட்டுக் காட்டியது. பயன்படாத குப்பையென்று எதையும் சொல்லக்கூடாது, இருபது வினாடி பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தத்துவம் போதும், அடுத்த வினாடி நான் என்ன ஆனேன் என்று கேளுங்கள்.

படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். பாசி, அதன் மேல் இலை, அதன் மேல் உங்கள் மருமகன். வழுக்கிப் போய் ஓடைக்குள் உட்கார்ந்தேன், இடுப்பு வரைக்கும். ஆனால் கேமரா தண்ணீரில் படவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதுபோல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். "ஆள் விழலாம், கேமரா விழக்கூடாது" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தது அந்தக் குளிரிலும் மறக்கவில்லை. வரிசையில் நின்ற ஒன்பது பேரும் ஒரே குரலில் "நலமா?" என்றார்கள். நானும் "நலம், நன்றி" என்றேன். தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பவன் அப்படித்தான் சொல்ல வேண்டும், இந்த ஊர் மரியாதை அது. எழுந்து வருவதற்குள் ஒரு நாய் என் பையிலிருந்த புளியோதரையை முடித்துவிட்டது. நாய்க்காரம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இதில் காரம் அதிகமோ?" என்றார், நாய்க்காகக் கவலைப்பட்டு. உங்கள் மருமகளின் புளியோதரை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னாலேயே ஸ்டேஷன் பக்கம் வரைக்கும் வந்தது.

வழியில் ஒரு விழுந்த மரம். உடம்பு முழுவதும் செதில் மாதிரி பளபளப்பு. கிட்டப் போனால் எல்லாம் காசு! வருகிறவர்கள் கல்லால் தட்டித் தட்டி மரத்துக்குள் காசைச் செருகிவிட்டுப் போகிறார்கள், நினைத்தது நடக்குமாம். நம் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்களைப் பார்த்து இனிமேல் யாரும் சிரிக்க வேண்டாம். நானும் ஒரு காசு அடித்தேன், துணி காய வேண்டும் என்று. காயவில்லை.

மேலே ஏறினால் போல்ஹில் என்ற பழைய கல் குவாரி. 1900-களின் ஆரம்பத்தில் இங்கே உடைத்த கல்லில்தான் பக்கத்திலே ஹவ்டன், டெர்வென்ட் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். வெட்டி முடித்துப் போன பிறகு, குவாரித் தரையில் பிர்ச் மரங்கள் யாரையும் கேட்காமல் தானாக முளைத்து இன்று ஒரு காடு. அந்தக் காட்டோரம் நம் ஆட்டுக்கல்லுக்கு அண்ணன் மாதிரி ஆள் உயர அரவைக் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வியாபாரம் படுத்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று அந்த அரவைக் கல்தான் தேசியப் பூங்காவின் சின்னம். டிஜிட்டல் வந்து ஸ்டூடியோ படுத்ததும், திரையைச் சுருட்டி நீங்கள் பரணில் போட்டீர்களே, அதை எறிந்துவிடாதீர்கள். நாளைக்குக் கோவில்பட்டிக்குச் சின்னமாகலாம்.

மூன்றாவது படம் அந்தப் பிர்ச் காடு. அதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் எடுத்தபோது மஞ்சள் வரவே இல்லை மாமா. கண் எதிரே மஞ்சள் கொட்டிக் கிடக்கிறது, கேமராவின் முதுகில் வெளிறிய ஒரு பச்சை. லென்ஸில் கோளாறோ, ஓடைத் தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று பயந்தேன். ஒன்றுமில்லை. வொயிட் பேலன்ஸ் 'ஆட்டோ'வில் இருந்தது. இவ்வளவு மஞ்சளைப் பார்த்ததும் கேமரா, "இது இயற்கையாக இருக்காது, விளக்கு வெளிச்சத்தின் தப்பு" என்று அதுவாகவே முடிவு கட்டி, கொஞ்சம் நீலத்தைக் கலந்து 'சரி' செய்திருக்கிறது. ஆட்டோவை அணைத்து 'மேகமூட்டம்' என்று நானே வைத்தேன். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது.

இன்னொன்றும் இங்கே வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மஞ்சள் புதிதாக வருவது இல்லை. கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சை மூடிக்கொண்டிருக்கும். பகல் குறைந்து குளிர் வந்ததும் மரம் பச்சையத்தை உடைத்துச் சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, அடியிலிருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்புதான் கடைசி நேரத்தில் இலை புதிதாகச் செய்துகொள்வது. கனடாவில் இருக்கிற சித்தி மகன் மேப்பிள் மரத்தை அனுப்பி "எங்க ஊர் சிவப்பைப் பார்" என்று பீற்றிக்கொள்கிறானே, அவனிடம் சொல்லுங்கள், அது மேக்கப் என்று. நம் ஸ்டூடியோ வாசல் வாதாங்கொட்டை மரமும் அந்தக் கட்சிதான். அதன் சிவப்பு இலையைத் தினம் கூட்டி அள்ளிய அத்தைக்கு, அதையெல்லாம் பார்க்கப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்று யார் சொல்வது?

அந்தக் குவாரியில், ஈரக் கால்சட்டையோடு நின்று, ஆட்டோவை அணைத்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது. 1978-ல் பெண் பார்க்கக் கொடுத்தனுப்ப நீங்கள் எடுத்த படம். நெகட்டிவில் பென்சிலை வைத்து நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேய்த்து அம்மாவை நாலு சுற்று வெளுக்க வைத்தது குடும்பத்துக்கே தெரிந்த கதை. அப்பா நேரில் வந்து, அம்மா காபித் தட்டோடு நிற்க, "பெண்ணை எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டதும் தெரிந்த கதை. நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அம்மாவும் சேர்ந்துதான் சிரிக்கிறாள். ஆனால் அந்தப் படத்தை இன்று வரைக்கும் அவள் சுவரில் மாட்டியதில்லை. நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?

உங்களைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மனசு, காலம் அப்படி. நான்கூடக் கேமராவை நம்பி ஒரு காட்டையே வெளுக்கப் பார்த்தேன்.

அன்றைக்கு எப்போதும் போல இரண்டு ஷாட் எடுத்திருப்பீர்கள். ஒன்றில்தான் பென்சில் வைத்தீர்கள். மற்றது பீரோவின் கீழ்த்தட்டில், மஞ்சள் பிலிம் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய கவர்களுக்குள் இருக்கும். தேடி எடுத்து, எதையும் தொடாமல், ஒரு பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அளவு 8×12. இங்கே என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: அன்றைக்கு மொத்தம் 412 படம் எடுத்தேன், உருப்பட்டது மூன்று. 36 படத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்தவர் நீங்கள். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள்ளலாம்.