வெத்துக்கட்டை

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகன் இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்: பிப்ஸ், கடினம், 1 நிமிடம் 52 விநாடி. நான் இன்னும் பல்லே துலக்கவில்லை. அதற்குள் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். படைப்புக்கு யார் யார் வருகிறார்கள், எத்தனை இலை என்று கேட்பதற்காகத் தொடங்கிய குழு அது. இப்போது இலைக் கணக்கைக் கேட்டால் பதில் இல்லை, விநாடிக் கணக்குதான் ஓடுகிறது. இப்படி நேரம் போட்டுப் பீற்றிக்கொள்ளும் வியாதியைப் பற்றி நறுக்கென்று நாலு கேள்வி கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வெத்துக்கட்டையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

நியூயார்க் டைம்ஸ் 2025 ஆகஸ்டில் டோமினோக் கட்டைகளை நிறக் கட்டங்களின் கணக்குப்படி அடுக்கும் இந்த பிப்ஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்தே எனக்கும் புள்ளியே இல்லாத வெத்துக்கும் ஆகாது. ஆறும் ஆறும் உள்ள கட்டை எங்கே போகும் என்று பார்த்ததுமே தெரியும். ஐந்துக்கும் ஒரு மரியாதை உண்டு. வெத்து அப்படியா? மூன்று கட்டம், கூட்டுத்தொகை 0 என்று ஓர் ஊதா மூலை. சரி, சனியன்களை இங்கேயே அடைத்துவிடலாம் என்று வைத்தால், ஒவ்வொன்றும் தன் மறுபாதியில் ஒரு ஐந்தையோ நாலையோ இழுத்துக்கொண்டு பக்கத்து நிறத்துக்குள் போய் உட்கார்கிறது. அங்கே மூன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. மொய் எழுதாமல் முதல் பந்தியில் உட்கார்கிறவர், பக்கத்து ஊரிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்து, “இவுகளுக்கும் ஒரு இலை போடுங்கப்பா” என்பாரே, அவரேதான். மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்டால் சிரிப்பார். பாயசம் மட்டும் ரெண்டு தடவை.

சீனத்து டோமினோக் கட்டையில் வெத்தே கிடையாது. இரண்டு பகடையை உருட்டினால் விழக்கூடிய 21 சேர்க்கை, அதில் சிலது ஜோடி ஜோடியாக, மொத்தம் 32 கட்டை. மரியாதையான கணக்கு. ஐரோப்பாவில் எந்தப் புண்ணியவானோ அந்த 21-ஓடு வெத்துக்கட்டை ஏழைச் சேர்த்து 28 ஆக்கிவிட்டான். நாலில் ஒன்று! பூஜ்யம் நம்ம ஊர்ச் சரக்கு என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறவர்கள், ஒருநாள் காரைக்குடிப் பக்கம் வந்து இந்த ஏழு கட்டையையும் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். சாப்பாடு நான் போடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் வெத்து உண்டு. பித்தளைத் தாயக்கட்டையில் ஒரு பக்கம் ஒன்று, ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று, நாலாவது பக்கம் மொழுக்கென்று இருக்கும். ஆனால் இரண்டு கட்டையும் வெத்தாக விழுந்தால் பன்னிரண்டு. ஒரே உருட்டலில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. வெத்தை வைத்து நடத்தத் தெரிந்தவர்கள் செய்த ஆட்டம்.

இன்று பிப்ஸில் எல்லாம் வைத்து முடித்து, 12 என்று எழுதிய மஞ்சள் கட்டம் இரண்டும், கையில் இரட்டை வெத்து ஒன்றும் மிச்சம். வளவுத் தூணில் சாய்ந்து முழித்துக்கொண்டிருந்தேன். முறுக்குக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆத்தா சுளகை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் வெத்துதானடா? பன்னெண்டுல வையி.”

“இதுல அது பூஜ்யம் ஆத்தா.”

“எவன் சொன்னான்?”

பதில் சொல்வதற்குள் உளுந்துத் தூசி ஒட்டிய விரலால் தானே கட்டையை இழுத்து மஞ்சளில் வைத்தாள். போன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.

“பன்னெண்டு விழுந்தா இன்னொருக்க உருட்டணுமே, அதையும் காணோமே” என்றாள்.