தட்டிப் பார்க்கிறவர்கள்

முந்தாநாள் மச்சான் வந்தார். பதினைந்து நாள் கண்ணைச் சுருக்கி ஸ்க்ரோல் சா மெஷினில் மரத்தில் நான் அறுத்த மயிலைக் கையில் எடுத்தார். அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. திருப்பினார். நடுவிரல் கணுவால் கொண்டைப் பக்கம் இரண்டு தட்டு.

"மாப்ளே, இது தேக்கு இல்லை."

தமிழ்நாட்டில் எந்த மரமும் தேக்கு இல்லை. நீங்களும் தட்டுகிறவர்தான், மறுக்க வேண்டாம். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் பாயசத்துக்கு முன்னால் வாசக்கதவைத் தட்டுவோம். ஒருவர் "நாட்டுத் தேக்கு" என்பார். இன்னொருவர் "கானா தேக்கு" என்பார். "பர்மாவா?" என்று கேட்கிறவருக்கு பர்மா எந்தத் திசை என்று தெரியாது. நகத்தால் கீறுகிறவர், மோந்து பார்க்கிறவர், எச்சில் தொட்டுத் தேய்க்கிறவர் என்று வரிசையாக நிற்பார்கள். நிலம்பூரில் 1840களில் கானலி துரை போட்ட தேக்குத் தோப்பிலிருந்தே ஒரு மரத்தைக் கொண்டுவந்து நிலை வைத்தாலும், "வெளிமரம் ஜாஸ்தியா இருக்கே" என்பார்கள். என் சித்தப்பா ஒருவர் பையனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஊஞ்சல் பலகையைத் தட்டிவிட்டு, பெண்ணைப் பார்க்காமலே எழுந்து வந்தார். "பலகையிலேயே பொய் சொல்றவங்க" என்றார். அந்தப் பெண் இன்றைக்குத் தாசில்தார். சித்தப்பா பையன் இன்னமும் ஜாதகத்தோடு இருக்கிறான்.

சொல்ல வந்தது மரத்தூளைப் பற்றி. அதற்கு முன்னால் ஒன்று: மச்சான் பேச்சுக்குப் பயந்து தேக்கையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பலா இருக்கிறது, அறுத்த அன்றைக்கு மஞ்சளாகச் சிரிக்கும், வருஷம் போகப்போகப் பழுப்பேறும். பூவரசின் வைரம் சாக்லேட் நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்து அறுத்தால் சாயமே வேண்டாம். ஈட்டி அழகுதான், ஆனால் அதன் தூள் பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தேக்கில் சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். என் மயிலுக்கு ஒன்பது பிளேடு போனது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தட்டினால் தெரியுமா இது?

தூள். ஆமாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995இலேயே சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்குக்குள் வரும் புற்றுநோய். கண்ணுக்குத் தெரிகிற தூளை விளக்குமாறு அள்ளிவிடும். உப்புத்தாள் போடும்போது கிளம்புகிற மாவுதான் நுரையீரல் வரை போகிறது. மெஷினில் ஒரு குட்டிக் குழாய் இருக்கிறதே, கோடு தெரிவதற்காகத் தூளை ஊதித் தள்ளுவது, அது யார் முகத்துக்கு நேராக ஊதுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என்95 மாஸ்க் வேண்டும். என்னிடம் இருக்கிறது. போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது, கோடு மறைகிறது, மயிலின் கால் போய்விடுகிறது. அதனால் தாடைக்கு இறக்கிவிடுகிறேன். என் தாடையில் ஒரு துளி தூள் கிடையாது.

மச்சான் மூன்றாவது தடவை தட்டினார். தோகைச் சந்துகளில் ஒட்டியிருந்த மாவு குபீரென்று கிளம்பியது. ஆறு தும்மல். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், கண்ணில் நீர் வழிய, "வேங்கையா இருக்குமோ?" என்றார்.

தேக்குதான். பில் இருக்கிறது.